மறைவிரலடையாளமும் தோட்டத்துப் பெருவிரலும்
ஊவா மலையகத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

வெலிமடையைச் சூழ்ந்த தோட்டங்களிலே வழக்கிலுள்ள சொற்களுள் 'கைநாட்டு' என்பது ஒன்று. எழுத்தறியாதவன் எனும் இழிவுப் பொருளிலே பட்டினத்தார் இச்சொல்லை ஆளுவர். தோட்டத்திலோ அது ஒரு செயலைக் குறிக்கும். சம்பளம் பெறுதற்கும், கடன் ஒப்புதற்கும், பிரசாவுரிமை வேண்டி விண்ணப்பித்தற்கும் இடக்கைப் பெருவிரலை மையிலே தோய்த்துத் தாளில் ஒற்றுதலே அச்செயல். ஒற்றுபவன் அறிந்தே ஒற்றுகின்றான், அறிவித்தே பெறுகின்றனர். விரலடையாளத்துக்கு மற்றுமொரு முகமும் உண்டு. தொட்ட பொருளிலே தொட்டவன் அறியாமல் விட்டுச்செல்லும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அடையாளம் அது. இதனை மறைவிரலடையாளம் என ஈண்டு வழங்குவோம். இதனை வெளிப்படுத்தும் முறைகளின் வரலாற்றை ஐரோப்பியக் குற்றவியலின் வெற்றிக்கதையாக எழுதுவதே பெருவழக்கு. அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பங்களுள் ஒன்று தேயிலைத் தோட்டமொன்றிலேயே நிகழ்ந்தது என்பதும், அங்கு முதலில் ஐயுறப்பட்டவர் தோட்டத் தொழிலாளரே என்பதும் நம்மவராற் பெரிதும் கவனிக்கப்படவில்லை. அக்குறையை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

விரலடையாளத்தின் தொடக்கம் குற்றத்திலன்று, ஒப்பந்தத்திலே ஆகும். 1858ஆம் ஆண்டு வங்காளத்திலே ஆட்சி அலுவலராயிருந்த வில்லியம் ஹேர்ஷல், வீதியமைப்புக்குக் கல் வழங்க உடன்பட்ட ராஜ்யதர் கோனாய் என்பாரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறத்திலே பதிப்பித்தார். பின்னர் தம் கையொப்பத்தை மறுக்கவொண்ணாதவாறு அவரை அச்சுறுத்துதலே நோக்கம் என ஹேர்ஷலே பிற்காலத்தில் எழுதினார். ரேகைகளின் தனித்தன்மை பற்றிய அறிவு அப்போது அவருக்கு இல்லை. அஃது ஆண்டுகள் பல அவதானித்தபின் வந்தது. 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைப்பட்டோர் ஆகியோரிடம் விரலடையாளம் பெறும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். ஆளப்படுவோரின் முகங்களை வேறுபடுத்தியறிய இயலாத ஓர் அந்நிய ஆட்சி, அவர்களது சொல்லையும் கையெழுத்தையும் நம்பவும் மறுத்து, உடலையே சான்றாக்கிக்கொண்டது எனலாம்.

மறைவடையாளத்தின் கதை வேறிடத்தில் தொடங்குகின்றது. யப்பானின் தோக்கியோ நகரில் சுக்கிஜி வைத்தியசாலையிற் பணியாற்றிய ஸ்கொத்திய வைத்தியர் ஹென்றி ஃபோல்ட்ஸ், 1880 ஒக்ரோபரில் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்திலே இரு நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்டார். ஒன்றிலே, குடிகலத்தில் இருந்த எண்ணெய்ப்பசையுள்ள விரற்குறிகள் மதுசாரத்தைத் திருட்டுத்தனமாய்க் குடித்தவரைக் காட்டின. மற்றையதிலே, வெள்ளைச் சுவரிலே பதிந்த கரிபடிந்த விரற்குறிகள் ஐயுறப்பட்ட ஒருவர் குற்றவாளியல்லர் எனக் காட்டின. ஆகவே, இடத்திலே கிடைத்த விரலடையாளம் பற்றிய தொடக்கக் குறிப்பிலேயே குற்றஞ்சாட்டுதலும் விடுவித்தலும் இணைந்து நிற்கின்றன. பிற்காலத்து நூல்கள் முன்னையதை வளர்த்துப் பின்னையதைக் குறுக்கின.

ஆர்ஜென்ரீனாவிலே 1892இல் குவான் வுசெற்றிச்சின் முறையைக் கொண்டு, கதவிலிருந்த குருதி படிந்த விரலடையாளத்தால் ஒரு கொலைவழக்குத் துலங்கியது. அதே ஆண்டிலே கால்ற்றனின் நூலும் வெளிவந்தது. ஆயினும் பல்லாயிரம் அடையாளத் தாள்களுள் வேண்டியதொன்றைத் தேடியெடுக்கும் வழி வங்காளப் பொலிசிலேயே முழுமை பெற்றது. பத்து விரல்களையும் வகைப்படுத்தி 1024 அறைகளுள் அடக்கும் அம்முறைக்கு எட்வேட் ஹென்றியின் பெயரே வழங்குகின்றது. அதன் கணிதத்தை வகுத்தவர் அசீஸுல் ஹக். தந்திவழி அனுப்புதற்குரிய குறியீட்டை அமைத்தவர் ஹேம் சந்திர போஸ். இவ்விருவரும் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய உதவிப் பரிசோதகர்கள். பட்டமும் பணமும் பின்னர் அவர்களுக்குக் கிடைத்தன, பெயர் கிடைக்கவில்லை. 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்கொட்லண்ட் யார்ட் 1901இலேயே இவ்வழிக்கு வந்தது.

பணியகம் தோன்றிய சிறிது காலத்துள் எழுந்ததே ஜல்பாய்குரி வழக்கு. பூட்டான் எல்லையை அடுத்த அம்மாவட்டத்தின் தேயிலைத் தோட்டமொன்றில், அதன் மேலாளர் படுக்கையிலே கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பெட்டியும் இரும்புப்பேழையும் திறக்கப்பட்டுச் சில நூறு ரூபாய் களவு போயிருந்தது. ஹென்றியின் நூலிலே இவ்வழக்கின் விவரம் உள்ளது. ஐயத்துக்குரியோரின் வரிசையைக் கவனித்தல் வேண்டும். மேலாளர் கடுமையாக வேலை வாங்குபவர் என்ற பெயர் பெற்றிருந்தமையால் தோட்டத்துக் கூலிகளுள் ஒருவரே கொன்றிருப்பார் என்பது முதல் எண்ணம். அடுத்து, ஆடையிற் குருதிக்கறை இருந்த சமையற்காரர். அதன்பின், மேலாளரோடு உறவுகொண்டிருந்த பெண்ணின் சுற்றத்தார். பின்னர், அண்மையிலே கூடாரமிட்டிருந்த காபூலியர். ஒரு கொலை நிகழ்ந்தவுடன் தோட்டச் சமுதாயத்தின் அடிநிலையிலிருந்தும் அதன் விளிம்பிலிருந்தும் ஆட்களைத் தேடும் இவ்வழக்கத்தை ஊவாவிலே வாழ்ந்தோர்க்கு விளக்கவேண்டியதில்லை.

பெட்டியினுள்ளே வெளிர்நீல அட்டையிட்ட வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. அட்டையிலே மங்கிய பழுப்புநிறக் கறைகள் இரண்டு. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோது அவற்றுள் ஒன்று வலக்கை விரலொன்றின் பகுதி எனத் தெரிந்தது. கல்கத்தாப் பணியகத்துத் தாள்களோடு ஒப்பிட்டபோது, காங்காலி சரண் என்பவரின் வலப்பெருவிரலோடு அது பொருந்திற்று. அவர் அம்மேலாளரின் முன்னாள் வேலைக்காரர். மேலாளரின் முறைப்பாட்டினாலேயே களவுக்குற்றத்துக்காக முன்னர்ச் சிறை சென்றவர். பல நூறு மைல் தொலைவிலுள்ள பீர்பூம் மாவட்டத்தில் அவர் பிடிபட்டார். கறை பாலூட்டியின் குருதியே எனப் பகுப்பாய்வாளர் சாட்சி கூறினார். 1898இலே வழக்கு விளங்கப்பட்டது. பஞ்சாங்கத்தைக் குருதி படிந்த விரலாலே தொட்டார் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. கொன்றார் என்பதைக் கண்ணுற்றவர் எவருமிலர். எனவே நீதிமன்றம் கொலைக்குற்றத்துக்குத் தீர்ப்பளியாது, களவுக்கு மாத்திரம் தண்டித்தது.

இத்தீர்ப்பு நிதானமுடையது என்பது எமது கருத்து. தொட்டமை வேறு, செய்தமை வேறு எனும் வேறுபாட்டைக் குடியேற்ற நாட்டு நீதிமன்றமொன்று தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. பிற்காலத்திலே இவ்வழக்கை எடுத்தாண்டோர் பலர் இதனை நிறைவற்ற வெற்றி என்றே கருதினர். ஆயினும் இதிலே நாம் காணவேண்டிய மற்றொன்று உளது. பஞ்சாங்கத்திலிருந்த கறை, தோட்டத்துக் கூலிகள்மீதிருந்த ஐயத்தையும் சமையற்காரர்மீதிருந்த ஐயத்தையும் நீக்கியது. அதே வேளை, அக்கறை பொருந்தியது பணியகத்திலே ஏற்கெனவே தாள் இருந்த ஒருவரோடே. தாள் இல்லாத ஒருவரின் விரலாயின் அக்கறை பேசியிராது. எவருடைய விரல்கள் கோப்பிலே உள்ளனவோ அவர்களையே இவ்வறிவியல் கண்டுபிடிக்கும். கோப்பிலே இருந்தோர் எவ்வர்க்கத்தினர் என்பது சொல்லாமலே விளங்கும். துரைமாரின் விரல்கள் அங்கு இருந்தில.

பஞ்சாங்கத்துக் கறை குருதியாலானது. உற்று நோக்குவார்க்குத் தெரிவது. முற்றும் மறைந்த அடையாளத்தை வெளிக்கொணர்தற்கு, விரல் எதனை விட்டுச்செல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. வியர்வையிலே மிகப்பெரும் பகுதி நீர். எஞ்சியவற்றுட் சோடியங்குளோரைட்டு, அமினோவமிலங்கள், யூரியா முதலியன அடங்கும். முகத்தையும் தலைமயிரையும் தொடும்போது கொழுப்புப்பொருள்களும் விரலுக்கு வந்து சேரும். ஆகவே ஓர் அடையாளத்திலே நீர், உப்பு, அமினோவமிலம், கொழுப்பு எனப் பல படைகள் உள. ஒவ்வொரு முறையும் இவற்றுள் ஒன்றையே பற்றுகின்றது. எப்பரப்பில் எது நிலைக்கும் என்பதே இக்கலையின் உட்பொருள்.

மிகப் பழைய முறை தூளிடல். விளக்குக்கரி, கிராபைற்று, அலுமினியத் தூள் முதலியவற்றை மென்தூரிகையால் தடவ, ஈரமும் எண்ணெயும் உள்ள வரம்புகளிலே தூள் ஒட்டும். கண்ணாடி, பீங்கான், மெருகிட்ட மரம், உலோகம் ஆகியன இதற்கு ஏற்றவை. 1905இலே இலண்டனின் டெற்போட் பகுதியில் ஸ்றற்றன் சகோதரரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய பெருவிரலடையாளம் காசுப்பெட்டியின் தட்டொன்றிலே கிடைத்ததாகும்.

தோட்டத்து லயத்துக்குள் இம்முறையைக் கொண்டு சென்று பார்ப்போம். சுண்ணாம்பு பூசிய சுவரிலே தூள் எங்கும் ஒட்டும், அடையாளம் தெரியாது. புகையேறிய கூரைத்தகரம் தானே கரி பூசிக்கொண்டுள்ளது. கொழுந்துக்கூடையின் பிரம்புப் பின்னலில் விரலின் முழுப்பரப்பும் படியாது. கவ்வாத்துக் கத்தியின் அலகு ஏற்றதெனினும் அதன் மரப்பிடி ஆண்டுக்கணக்கில் கைபட்டுத் தேய்ந்து, அடையாளத்தின்மேல் அடையாளமாய்க் குழம்பிக் கிடக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னி, பித்தளைச் செம்பு, தகரப்பெட்டி ஆகியனவே எஞ்சுகின்றன. துரையின் பங்களாவிலோ கண்ணாடி, வெள்ளி, மெருகிட்ட மேசை என யாவும் தூளுக்கு உகந்த பரப்புகள். அவற்றைத் துடைப்பதும் எடுத்துவைப்பதும் 'அப்பு' எனப்படும் சமையற்காரரும் வீட்டு வேலையாட்களுமே. பங்களாவிலே களவு நிகழின் முதலில் வெளிப்படுவன அவர்களின் விரல்களே. அங்கு விரலடையாளம் இருத்தல் அவர்களது தொழிலின் சான்றேயன்றிக் குற்றத்தின் சான்றன்று. எவ்விடத்தில் இருக்க ஒருவருக்கு நியாயமில்லையோ, அவ்விடத்து அடையாளத்துக்கே பெறுமதி உண்டு.

தாளிலே தூள் பெரும்பாலும் பயன்தராது; வியர்வையைத் தாள் உறிஞ்சிவிடும். எனவே இரசாயனம் தேவைப்பட்டது. அயடீன் ஆவி தாளிலுள்ள விரற்குறிகளைப் பழுப்புநிறமாகக் காட்டுமென்பதைப் பிரான்சின் கூலியே 1863இலேயே குறிப்பிட்டார். அவருடைய அக்கறை பத்திரமோசடியைக் கண்டறிவதில் இருந்தது. அயடீன் நிறம் விரைவில் மறைந்துவிடும், ஆதலாற் படமெடுத்தல் வேண்டும். மறைவதால் தாளுக்குப் பெருங்கேடில்லை. லியோன் நகரத்து ஃபோர்ஜோ 1891இல் மறைவடையாளங்களை இரசாயனப் பொருள்களால் வெளிப்படுத்துதல் பற்றி ஆராய்ந்தார். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலானது உப்பிலுள்ள குளோரைட்டோடு சேர்ந்து வெள்ளிக்குளோரைட்டாகி, ஒளிபட்டுக் கருக்கும். இதன் குறை ஈரத்திலே உள்ளது. ஈரலிப்பு மிகுந்தால் உப்பு தாளின் நார்களூடே பரவி வரம்புகள் கலங்கும். வடகீழ்ப் பருவக்காற்றின்போது மூடுபனியிற் பல நாட்கள் கிடந்த தாளொன்றிலே வெள்ளி நைத்திரேற்றிடம் எதிர்பார்க்கத்தக்கது சொற்பமே. ஊவாவின் தேயிலைக்குப் புகழ் தேடித்தந்த யூலை, ஓகஸ்ற் மாதத்து வரட்சியான கச்சான் காற்றோ மறுபுறமாய்த் தீங்கிழைக்கும். கண்ணாடியிலும் உலோகத்திலும் உள்ள அடையாளத்தின் ஈரத்தை அது விரைவில் உலர்த்திவிடத் தூள் பற்றாதுபோம். ஒரே மலையிலே ஆறு மாத இடைவெளியிற் சான்றின் ஆயுள் மாறுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் பெருந்திருப்பம் நின்ஐதரின். கேம்பிரிச்சிலே 1910இல் சீக்ஃபிறீட் றூகெமான் இச்சேர்வையை எதிர்பாராத வகையிற் பெற்று, அஃது அமினோவமிலங்களோடு ஊதாநிறந் தருதலைக் கண்டார். உயிரிரசாயனர் இதனை நாள்தோறும் கையாண்டனர். வெறுங்கையால் தொட்ட தாள்களில் ஊதாநிற விரற்குறிகள் தோன்றுவதைக் கண்டு எரிச்சலடைந்தும் இருப்பர். எனினும் மறைவடையாளத்தை வெளிப்படுத்த இதனைக் கையாளலாம் என்பதை ஒடென், வொன் ஹொஃப்ஸ்ரன் எனும் சுவீடியர் வெளியிட்டது 1954இலேயே. நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஓர் அறிவு ஆய்வுகூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் செல்ல எடுத்திருக்கின்றது! அமினோவமிலங்கள் தாளின் செலுலோசோடு பிணைந்து அசையாது நிற்பன. ஆதலால் பத்தாண்டுகள் பல கடந்த தாள்களிலும் நின்ஐதரின் விரல்களை எழுப்பியதுண்டு. 1990ஆம் ஆண்டளவிலிருந்து டீ.எஃப்.ஓ. எனும் சேர்வையும், பின்னர் இந்தேன்டையோனும், உரிய ஒளியின்கீழ் ஒளிரும் அடையாளங்களைத் தந்து இதன் எல்லையை விரித்தன.

நுண்டுளையற்ற பரப்புகளுக்கு உரிய புதுமுறை யப்பானிலிருந்து வந்தது. 1970களின் பிற்பகுதியிலே, சாகா மாவட்டப் பொலிஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மற்சுமுரா மயிர்களைக் கண்ணாடித்தட்டில் ஒட்டும்போது, பசையின் ஆவியாலே தம் விரலடையாளங்கள் தட்டில் வெண்மையாய்த் தோன்றுதலைக் கண்டார். நம் கடைகளிலும் கிடைக்கும் 'சுப்பர் குளூ'வின் சயனோஅக்கிரிலேற்று ஆவி, விரல்வரம்பிலே பல்பகுதியமாகி இறுகுவதே காரணம். பொலித்தீன் பை, தேயிலைப்பெட்டியின் அலுமினியத்தாள், பிளாத்திக்குக் கலன் யாவற்றுக்கும் இது பொருந்தும். அடையாளம் உலர்ந்துபோயின் பயன் குறையும். அறையின் ஈரப்பதனை ஏறத்தாழ 80 சதவீதமாக்கியே ஆவியிடுவர். மழையில் நனைந்த தகரத்துக்கு இதுவும் உதவாது. அதற்கு மொலித்தனம் இருசல்பைட்டின் நுண்துகள்களைச் சவர்க்கார நீரிற் கலந்து தெளிப்பர். அவை நீரிலே கரையாத கொழுப்பைப் பற்றும். ஒட்டுநாடாவின் பசைப்புறத்துக்கு ஊதாச்சாயம், குருதிக்குப் புரதத்தை நிறமூட்டும் அமிடோக் கருஞ்சாயம் என வகைகள் நீளும். இவற்றை ஒழுங்கு மாறாது செய்தல் வேண்டும். தாளை முதலில் ஒளியால் நோக்கி, பின்னர் அமினோவமிலத்துக்குரியவற்றை இட்டு, நீர் சேரும் முறைகளை இறுதிக்கே வைப்பர். முந்தி நீர் பட்டால் அமினோவமிலம் கழுவுண்டு போய்விடும். போனதை மீட்க வழியில்லை.

வெளிப்படுத்தல் இரசாயனம், பொருத்துதல் மனிதத் தீர்ப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நேர்ந்த தவறுகள் உள. 2004இல் மட்றிட் புகையிரதக் குண்டுவெடிப்பின்பின், வெடிகருவிகள் இருந்த பையிலே கிடைத்த அடையாளத்தை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் வல்லுநர் ஒறெகன் மாநிலத்துச் சட்டத்தரணி பிறன்டன் மேஃபீல்டின் விரலே எனத் திடமாய்க் கூறினர். ஸ்பானியப் பொலிசார் அதனை வேறொருவரின் விரலெனக் கண்டபின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். அவர் இசுலாத்தைத் தழுவியவர் என்பது தற்செயலா என்ற வினா அந்நாட்டிலேயே எழுந்தது. 2009இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் அறிக்கை, பிழையே நேராதது எனும் உரிமைகோரலை மறுத்தது. வல்லுநரின் சொல்லைக் குறுக்கு விசாரணை செய்ய வசதியற்றோர் நிறைந்த நம் நாட்டு நீதவான் நீதிமன்றங்களிலே இவ்வறிக்கை வாசிக்கப்படவேண்டியதாகும்.

இனி, மையொற்றிய பெருவிரலுக்கு மீள்வோம். விரலடையாளத்தை இழிவெனக் கருதி எதிர்த்தோரும் நம்மவரே. ஹென்றி 1900இல் தென்னாபிரிக்காவுக்குப் பொலிசை ஒழுங்கமைக்க அனுப்பப்பட்டார். ட்றான்ஸ்வாலில் இந்தியர் யாவரும் பத்துவிரலடையாளம் தந்து பதிதல் வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக 1906 செற்றெம்பர் 11இல் யொகனஸ்பேர்க்கிலே கூடிய கூட்டமே காந்தியின் சத்தியாக்கிரகத்துக்குத் தோற்றுவாய். அப்போராட்டத்திற் சிறைசென்றோருட் தம்பி நாயுடு தலைமையிலான தமிழர் முன்னணியில் நின்றனர். குற்றவாளியிடம் பெறுவதை எம்மிடம் ஏன் கேட்கின்றீர் என்பதே அவர்தம் வினா. 1908இல் இணக்கம் ஏற்பட்டுக் காந்தி தாமாகவே விரலடையாளம் தர முன்வந்தபோது, அதன்பொருட்டே தாக்கப்பட்டார். கட்டாயத்தில் தருவதும் விரும்பித் தருவதும் ஒன்றல்ல என அவர் கூறிய விளக்கம் எல்லாரையும் நிறைவு செய்யவில்லை.

இலங்கைத் தோட்டங்களிலே இத்தகைய எதிர்ப்பு எழவில்லை. இதற்குக் காரணம் அடிமைமனம் என்பார் உளர்; அஃது ஆராயாத கூற்று. 1940இல் வேவெச முதலிய ஊவாத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்களே அதனை மறுக்கும். இங்கு தொழிலாளியைக் கட்டியது விரலன்று, துண்டு. கங்காணியின் கீழ்ப்பட்ட கடன்தொகையைத் தாங்கிய அத்தாள் 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதை அதுவே முடிவுசெய்தது. ஆளைக் கங்காணி முகத்தால் அறிவான். அரசுக்கு அறியவேண்டிய தேவை அந்நாளில் அதிகமில்லை.

அத்தேவை 1948இன் பின் வந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாலே நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தனர். மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்கவேண்டும். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோரைப் பகிர்ந்துகொள்ள 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. தீர்வின்றி விடப்பட்ட 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பங்கிட்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழிசெய்தது. இவ்வரலாற்றின் ஒவ்வொரு படியிலும் எழுதத்தெரியாத கைகள் மையிலே தோய்ந்தன. உடலாலே மெய்ப்பிக்கத்தக்க ஒன்றே ஒன்று, 'இவர் இவரே' என்பது. அதனை அரசு எளிதில் ஏற்றது. 'இவர் இங்கு வாழ்ந்தவர்' என்பதை அப்பெருவிரலால் மெய்ப்பிக்க இயலவில்லை. அதற்குத் தோட்டத்துச் செக்றோலும் பிறப்புப் பதிவும் வேண்டப்பட்டன, அவை தொழிலாளியின் கையில் இருந்ததில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. கொழுந்தெடுக்கும் கையிலே பெருவிரலும் சுட்டுவிரலுமே ஓயாது உழைப்பன. நீண்டகால உடலுழைப்பாலே வரம்புகள் தேய்ந்து மங்குதல் விரலடையாள வல்லுநர் நன்கறிந்ததே. தேயிலைச்சாறோ தோலிற் கருங்கறையாய்ப் படிந்து வெடிப்புகளில் ஏறும். இந்நாளில் இயந்திரத்தின் கண்ணாடியிலே விரல் வைத்து அடையாளங் காட்டவேண்டிய இடங்கள் பெருகிவருகின்றன. உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது, மீண்டும் மீண்டும் துடைத்து வைக்குமாறு பணிக்கப்படுபவர் பெரும்பாலும் முதியோரே.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மறுக்கப்பட்ட விண்ணப்பத் தாளொன்றை எண்ணிப்பார்ப்போம். அதன் அடியிலே மைப்பெருவிரல் ஒன்று தெளிவாய் நிற்கும். அதனைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், வேறு விரல்களும் உள: படிவத்தை நிரப்பிய கணக்கப்பிள்ளையுடையது, கடவைச்சீட்டுத் தேடிய அலுவலருடையது, தாளின் மூலையைப் பிடித்து 'நிராகரிக்கப்பட்டது' என முத்திரை குத்தியவருடையது. அமினோவமிலம் செலுலோசை விட்டு எளிதில் நீங்காதாகையால் அவற்றுட் சில இன்னும் அங்கே இருத்தல் கூடும். நின்ஐதரின் இட்டால் அவை ஊதாநிறத்தில் எழும். ஆயினும் சுவடிக்கூடங்கள் இதற்கு இசையா, இசையாமையும் முறையே. பழைய அசற்றோன் கரைசலை இட்டால் எழுதிய மையும் கலைந்தோடும். தாளில் ஊதாக்கறை நிலைத்துவிடும்.